ஈரல் சுருக்கமும் எம்ஆர்ஐயும்: பழனி மலையிலிருந்து ஒரு கணக்கு

பெரும்பாலான புற்றுநோய்கள் யாரைத் தாக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கல்லீரல் செல்களில் தோன்றும் புற்றுநோய் அப்படியல்ல. அது வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஈரல் ஏற்கெனவே வடுப்பட்டுச் சுருங்கி, மருத்துவர்கள் சிரோசிஸ் என்று சொல்லும் நிலையில் இருக்கும். குடியாலோ, ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளாலோ, சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்தோ அந்த நிலைக்கு வந்த நூறு பேரை ஓராண்டு கவனித்தால், காரணத்தைப் பொறுத்து ஒருவர் முதல் நான்கு பேர் வரை புற்றுநோய்க்கு ஆளாவார்கள். எங்கே தேட வேண்டும் என்று தெரியும். யாரிடம் தேட வேண்டும் என்றும் தெரியும். அப்படியிருந்தும் நம் ஊர்களில் இந்த நோயாளிகளில் பெரும்பாலோர் வயிற்றில் நீர் கட்டி, உடல் மெலிந்து, கட்டி இரத்தக் குழாய்க்குள் புகுந்த பிறகுதான் பெரிய மருத்துவமனைக்கு வருகிறார்கள். எம்ஆர்ஐ ஸ்கேன் இந்த நிலைமையை மாற்றுமா? மாற்றும் என்றால், பழனி மலையில் மன்னவனூரிலோ தாண்டிக்குடியிலோ இருக்கும் ஒருவருக்கு அது எந்த வடிவில் பயன்படும்?

சீக்கிரம் கண்டுபிடித்தால் என்ன ஆதாயம் என்பதில் ஐயம் இல்லை. 2 செ.மீ.க்குக் குறைவான ஒற்றைக் கட்டியை ஊசி வழியாகச் சூடேற்றிப் பொசுக்கிவிடலாம், அல்லது ஈரலின் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுக்கலாம். ஈரல் முழுவதுமே பழுதாகியிருந்தால் மாற்று அறுவை சிகிச்சை இருக்கிறது. இத்தாலியின் மிலான் நகரில் மஸ்ஸாஃபெர்ரோ குழுவினர் 1996-ல் வெளியிட்ட ஆய்வு அதற்கு எல்லை வகுத்தது. ஒரே கட்டியானால் 5 செ.மீ.க்குள், இரண்டு மூன்று கட்டிகளானால் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். இந்த எல்லைக்குள் இருந்து ஈரல் மாற்றப்பட்டவர்களில் 75 சதவீதம் பேர் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். எல்லையைத் தாண்டிவிட்டால் கட்டியின் இரத்த ஓட்டத்தை அடைப்பது, மாத்திரை, ஊசி என்று நாட்களை நீட்டிக்கும் வைத்தியம்தான். கட்டி இரட்டிப்பாக எடுக்கும் காலம் சராசரியாக நாலைந்து மாதம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை என்ற கெடு இந்தக் கணக்கிலிருந்து வந்தது.

அந்த ஆறு மாதப் பரிசோதனைக்கு உலகெங்கும் பரிந்துரைக்கப்படுவது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். கூடவே ஏஎஃப்பி என்ற இரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். இதற்கு அடிப்படையான பெரிய சான்று ஷாங்காயிலிருந்து வந்தது. ஹெபடைடிஸ் பி தொற்று இருந்த, அல்லது நாள்பட்ட ஈரல் அழற்சிக்கு ஆளான 18,816 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரண்டு பரிசோதனைகளையும் செய்தார்கள். 2004-ல் வெளியான முடிவின்படி அந்தப் பிரிவில் ஈரல் புற்றுநோய் மரணங்கள் 37 சதவீதம் குறைந்திருந்தன. அழைக்கப்பட்டவர்கள் பரிசோதனைக்கு வந்த விகிதம் 60 சதவீதத்தைக்கூட எட்டவில்லை; அதிலேயே இவ்வளவு பலன். ஆய்வு நடத்தப்பட்ட முறைமீது பிற்பாடு குறைகள் சொல்லப்பட்டன. ஆனால் இதற்கு இணையான இன்னொரு பெரிய ஆய்வு வரவில்லை. சிரோசிஸ் உள்ளவர்களைக் கண்காணிக்காமல் விட்டு ஒப்பிட்டுப் பார்க்க இன்று எந்த மருத்துவர் ஒப்புவார்?

அல்ட்ராசவுண்டின் குறை வேறிடத்தில் இருக்கிறது. சுருங்கிய ஈரலின் மேற்பரப்பு பாகற்காய்த் தோல் போல முண்டும் முடிச்சுமாக இருக்கும், உள்ளும் அப்படியே. நூற்றுக்கணக்கான அந்த முடிச்சுகளுக்கு நடுவே ஒன்றரை செ.மீ. அளவுள்ள ஒரு முடிச்சு மட்டும் புற்றுநோய் என்று ஒலி அலைகளை வைத்துப் பிரித்தறிவது கடினம். உதரவிதானத்துக்குக் கீழே, விலா எலும்புகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பகுதி பல நேரம் திரையிலேயே வராது. நோயாளி பருத்தவராக இருந்தாலோ ஈரலில் கொழுப்பு ஏறியிருந்தாலோ ஒலி அலை ஆழம் வரை போகாமலே மங்கிவிடும். பார்க்கிறவரின் கைப்பழக்கமும் சேர்ந்துதான் முடிவு அமைகிறது. 2018-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அமெரிக்க மருத்துவர்கள், ஆரம்ப நிலைக் கட்டிகளில் அல்ட்ராசவுண்ட் தனியாகக் கண்டுபிடிப்பது 45 சதவீதம், ஏஎஃப்பியும் சேர்ந்தால் 63 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். ஒழுங்காக ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து போகிறவரிடமும் மூன்றில் ஒரு கட்டி தப்பிவிடுகிறது என்பது இதன் பொருள். தவறாமல் வந்தவருக்கு நாம் செய்யும் அநீதி இது.

எம்ஆர்ஐ எதைப் பார்க்கிறது என்று புரிந்துகொண்டால் அதன் வலிமை விளங்கும். ஆரோக்கியமான ஈரலுக்கு வரும் இரத்தத்தில் முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. கால் பங்குதான் தமனி வழி. புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனி இரத்தத்தைக் குடித்தே வளர்கிறது. கை நரம்பில் காடோலினியம் கலந்த கான்ட்ராஸ்ட் ஊசியைச் செலுத்தி, அது தமனிக்குள் வந்து சேரும் சில விநாடிகளில் படம் எடுத்தால், ஈரல் சாம்பல் நிறமாக இருக்க, கட்டி மட்டும் பளிச்சென்று வெளுத்துத் தெரியும். அடுத்த ஓரிரு நிமிடங்களில் போர்ட்டல் இரத்தம் நிறைந்து ஈரல் வெளுக்கும். கட்டியிலிருந்து மருந்து வடிந்து, அது சுற்றுப்புறத்தைவிடக் கறுத்து, ஓரத்தில் ஒரு மெல்லிய வளையத்தோடு நிற்கும். முதலில் வெளுத்துப் பின் கறுக்கும் இந்த வரிசை, சிரோசிஸ் உள்ளவரிடம் 1 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டியில் தெளிவாகத் தெரிந்துவிட்டால் பெரும்பாலும் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை; படத்தை வைத்தே நோயை உறுதிசெய்யலாம். உடம்பின் வேறெந்த உறுப்பின் புற்றுநோயிலும் படத்துக்கு இவ்வளவு அதிகாரம் கொடுக்கப்படுவது அரிது.

இதோடு இன்னும் இரண்டு உத்திகள் உண்டு. காடாக்ஸெடிக் அமிலம் என்ற கான்ட்ராஸ்ட் மருந்தை ஈரல் செல்கள் உள்ளே இழுத்துக்கொண்டு பித்தத்தில் கழிக்கும். ஊசி போட்டு 20 நிமிடம் கழித்து எடுக்கும் படத்தில் நல்ல செல்கள் வெளுத்திருக்கும். இழுக்கும் திறனை இழந்த புற்றுச் செல்கள் கறுப்புப் புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும். இன்னொன்றுக்கு ஊசியே வேண்டாம். திசுவில் உள்ள நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக அலைகின்றன என்பதை அளக்கும் படம் அது. செல்கள் நெருக்கியடித்து வளர்ந்த கட்டியில் நீர் அசைய இடமில்லாததால் அந்த இடம் ஒளிரும். மலைவாசிகளைப் பற்றிப் பேசும்போது இந்த ஊசியில்லாப் படம்தான் முக்கியமாகிறது.

எண்களுக்கு வருவோம். அதிகம் பேசப்படுவது தென்கொரியத் தலைநகர் சியோலில் நடந்து 2017-ல் வெளியான ப்ரியஸ் ஆய்வு. ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கு மேல் புற்றுநோய் அபாயம் உள்ள சிரோசிஸ் நோயாளிகள் 407 பேருக்கு, ஆறு மாத இடைவெளியில் அல்ட்ராசவுண்டும் ஈரலுக்கான எம்ஆர்ஐயும் சேர்த்தே எடுத்தார்கள். புற்றுநோய் கண்டவர்கள் 43 பேர். அவர்களில் எம்ஆர்ஐ 37 பேரைப் பிடித்தது. அல்ட்ராசவுண்ட் 12 பேரை. நோயில்லாதவருக்கு நோய் என்று தவறாகக் காட்டியதும் எம்ஆர்ஐயில் குறைவு. அகப்பட்ட கட்டிகளில் முக்கால்வாசி 2 செ.மீ.க்கும் குறைந்த ஒற்றைக் கட்டிகள், அதாவது குணப்படுத்தக்கூடியவை.

இவ்வளவு தெளிவான வித்தியாசம் இருந்தும் உலக அமைப்புகள் எல்லோருக்கும் எம்ஆர்ஐ என்று ஏன் சொல்லவில்லை? செலவு ஒரு காரணம்; முழு எம்ஆர்ஐக்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் இயந்திரம் வேண்டும் என்பது இன்னொன்று. இவற்றைவிடப் பெரிய காரணம், எம்ஆர்ஐயால் கண்காணித்தால் மரணம் குறைகிறது என்று காட்டும் ஆய்வு இன்னும் முடியவில்லை. சிறிய கட்டியை முன்னதாகவே கண்டுபிடித்தால், நோயாளி வாழ்நாள் கூடாமலே 'நோய் தெரிந்த பின் வாழ்ந்த நாட்கள்' மட்டும் கூடியதாகத் தோன்றலாம். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகள் ஆயிரக்கணக்கான சிரோசிஸ் நோயாளிகளைச் சேர்த்து, அல்ட்ராசவுண்டையும் சுருக்கமான எம்ஆர்ஐயையும் நேருக்கு நேர் ஒப்பிடும் ஆய்வை நடத்துகின்றன. அதன் முடிவு வரச் சில ஆண்டுகள் ஆகும். 2023-ல் வெளியான அமெரிக்கக் கல்லீரல் சங்கத்தின் வழிகாட்டுதல், ஆறு மாத அல்ட்ராசவுண்டையும் ஏஎஃப்பியையும் முதலிடத்தில் வைத்து, அல்ட்ராசவுண்டில் ஈரல் சரியாகத் தெரியாதவர்களுக்கு எம்ஆர்ஐ அல்லது சிடி ஸ்கேனைப் பயன்படுத்தலாம் என்கிறது. சிடி எல்லா நகரங்களிலும் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் ஆண்டுதோறும் கதிர்வீச்சு ஏற்றுவது நல்லதல்ல. ஆண்டுக்கு ஒரு சிடியை ஆறு மாத அல்ட்ராசவுண்டோடு ஒப்பிட்ட ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில் சிடி மேம்பட்டதாகவும் தெரியவில்லை.

சுருக்கமான எம்ஆர்ஐ என்றேன். இந்தத் துறையில் எனக்கு அதிக நம்பிக்கை தருவது அதுதான். நோயை உறுதிசெய்யத் தேவையான எல்லாப் படங்களையும் எடுக்காமல், கட்டி இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்கும் சில படங்களை 10, 15 நிமிடத்தில் எடுத்துவிடுவது. 2021 வரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது இந்த முறை கட்டியுள்ளவர்களில் 86 சதவீதம் பேரைக் கண்டுபிடித்தது. இல்லாதவர்களில் 94 சதவீதம் பேரை இல்லை என்று சரியாகச் சொன்னது. 2 செ.மீ.க்குக் குறைந்த கட்டிகளில் மட்டும் 69 சதவீதமாக இறங்கியது. ஊசி போட்டு எடுத்ததற்கும் ஊசியில்லாமல் எடுத்ததற்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மருந்துச் செலவு மிச்சம். சிறுநீரகம் கெட்டவரிடம் காடோலினியம் பற்றிய கவலையும் இல்லை. இந்த எண்கள் பெரும்பாலும் ஏற்கெனவே எடுத்த முழு எம்ஆர்ஐ படங்களிலிருந்து சிலவற்றை மட்டும் பிரித்துப் பார்த்துக் கணக்கிட்டவை என்பதால் நடைமுறையில் கொஞ்சம் குறையலாம். குறைந்தாலும் அல்ட்ராசவுண்டின் 45-ஐவிட மேல்.

ஆனால் இயந்திரம் மட்டும் நன்றாக இருந்தால் போதாது. எம்ஆர்ஐ அறையில் "மூச்சை இழுங்க... அப்படியே பிடிங்க" என்று ஒலிபெருக்கியில் குரல் வந்தபின் 15, 20 விநாடி மூச்சை அடக்க வேண்டும். வயிறு முட்ட நீர் கட்டியவரால் அது முடியாது. படம் அலை அலையாகக் கலங்கிவிடும். கட்டி வெளுத்துத் தெரிய வேண்டிய அந்தத் தமனிக் கட்டத்தில், காடாக்ஸெடிக் அமிலம் ஏறியவுடன் சிலருக்குச் சில விநாடி மூச்சு தடுமாறுவதும் உண்டு. ஆகவே நீரை வடித்துவிட்டு எடுப்பது, மூச்சடக்கும் பயிற்சியை முன்கூட்டியே ஓரிரு முறை சொல்லிக்கொடுப்பது, இரைச்சலுக்கும் குகை போன்ற இடத்துக்கும் அஞ்சுகிறவரிடம் முதலிலேயே பேசிவிடுவது ஆகியவை படத்தின் தரத்தை நிர்ணயிக்கின்றன.

இனி மலைக்கு வருவோம். ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கும் கொடைக்கானல் நகரத்தில் அரசு மருத்துவமனையும், நூறாண்டு பழைய வேன் ஆலன் மருத்துவமனையும் உண்டு. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை என்று மேல்மலைக் கிராமங்கள் அதற்கும் அப்பால் பரந்து கிடக்கின்றன. கீழ்மலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடி. வெள்ளகவி போன்ற ஊர்களில் நோயாளியை டோலி கட்டித் தூக்கிப் பழகியவர்கள் இருக்கிறார்கள். ஈரலுக்கென்று எம்ஆர்ஐ எடுத்து அதை ஈரல் நோய் தெரிந்தவர் படித்துச் சொல்ல வேண்டுமானால், மலைக்காரர்கள் வத்தலக்குண்டு வழியாக இறங்கிச் சுமார் 120 கி.மீ. தாண்டி மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போவதுதான் வழக்கம். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி அதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. பழனிப் பக்கம் இறங்குகிறவர்களுக்கு ஒட்டன்சத்திரத்தில் 1955 முதல் இயங்கும் கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனை அறிமுகமானது.

இந்தப் பயணத்தை ஈரல் நோயாளியின் பக்கமிருந்து பாருங்கள். ஸ்கேனுக்கு வெறும் வயிற்றில் வரச் சொல்வார்கள். சிரோசிஸ் உள்ளவரோ நெடுநேரம் பட்டினி கிடக்கக் கூடாது. பட்டினி கிடந்தால் உடம்பு தன் தசையையே கரைத்துச் சக்தி எடுக்கத் தொடங்கும். இரவு படுக்குமுன் ஏதாவது சாப்பிடச் சொல்வது அதனால்தான். விடியுமுன் முதல் பஸ்ஸைப் பிடித்து, கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டிக்கொண்டு இறங்கி, பத்து மணி டோக்கனுக்குக் காத்திருந்து, மதியம் இரண்டு மணிக்கு ஸ்கேன் என்றால் அவர் 18 மணி நேரம் சாப்பிடாதவர். நீர் பிரிய மாத்திரை எடுக்கிறவர் பஸ்ஸில் அவஸ்தைப்படக் கூடாது என்று அன்று மாத்திரையை விட்டுவிடுவார். மூளை தெளிவாக இருக்கக் குடிக்கும் லாக்டுலோஸ் மருந்தையும் அதே காரணத்துக்காகத் தள்ளிப்போடுவார். கூட ஒருவர் துணை வர வேண்டும். இருவரின் கூலியும் போச்சு. பூண்டு அறுவடை நேரத்தில் வந்த தேதி என்றால் வரமாட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இறங்கிவா என்று எழுதிக் கொடுப்பது சுலபம்.

ஆனால் ஸ்கேனுக்கு அழைக்கும் முன்பே பலரை நாம் இழந்துவிடுகிறோம். தனக்குச் சிரோசிஸ் இருப்பதே தெரியாதவரைக் கண்காணிக்க வழியில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கை, 2022 நிலவரப்படி இந்தியாவில் ஹெபடைடிஸ் பி தொற்றோடு 2.98 கோடிப் பேர் இருப்பதாக மதிப்பிடுகிறது. சி தொற்று 55 லட்சம் பேருக்கு. நம் பழங்குடியினரிடையே பி தொற்று மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று 2007-ல் வெளியான ஓர் இந்தியத் தொகுப்பாய்வு காட்டியது: மற்றவர்களிடம் 2.4 சதவீதம், பழங்குடியினரிடம் 15.9 சதவீதம். பழனி மலையின் பளியர் குடியிருப்புகளில் பெரியவர்கள் அனைவருக்கும் ஒரு முறை பி பரிசோதனை செய்ய இந்த எண்ணே போதுமான காரணம். பிறந்தவுடன் போடும் தடுப்பூசி நாடு முழுவதற்கும் வந்தது 2011-ல்தான். இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருப்பவர்கள் யாரும் அதைப் பெற்றவர்களல்ல. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். பி கிருமியை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை புற்றுநோய் அபாயத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. சி கிருமியை மாத்திரையால் முழுதாக விரட்டியவரும், ஏற்கெனவே ஈரல் சுருங்கியிருந்தால், ஸ்கேனை நிறுத்தக் கூடாது. "வியாதி குணமாயிருச்சு" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் பலருக்கு இது சொல்லப்படுவதில்லை.

காமாலை என்றாலே கீழாநெல்லி என்பது மலையிலும் கீழேயும் ஒன்றுதான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்கோடு சேர்ந்து 1988-ல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை இந்த மூலிகையை உலகறியச் செய்தது. 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து கிருமியின் அடையாளம் மறைந்தது என்றது அது. பிற்பாடு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. கீழாநெல்லியைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. தண்ணீரால் பரவும் ஏ வகைக் காமாலை எந்த மருந்தும் இல்லாமலே சில வாரத்தில் இறங்கிவிடும். மருந்து கொடுத்த வைத்தியருக்கு அந்தப் பெயர் போய்ச் சேரும். பி வகையில் மஞ்சள் இறங்கிய பிறகும் சிலருக்குக் கிருமி சத்தமில்லாமல் இருபது, முப்பது ஆண்டு ஈரலில் தங்கிவிடும். ஆகவே காமாலை வந்து போன ஒவ்வொருவருக்கும் ஒரு பி பரிசோதனை வேண்டும், வைத்தியம் எதுவாக இருந்தாலும்.

குடியைப் பற்றித் தனியாக எழுத வேண்டிய அவசியமில்லை. எல்லோரும் கண்ணால் காண்பதுதான். சர்க்கரை அப்படியல்ல. சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையினர் முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ல் சொன்னது. கொழுப்பு படிந்து ஈரல் சுருங்கும் கூட்டம் இவர்களிலிருந்து வருகிறது. ஒரு சொட்டு மதுவும் தொடாதவர்கள் இதில் பலர். அல்ட்ராசவுண்ட் மங்கிப்போவதும் பெரும்பாலும் இவர்களுக்கே. இவர்களைப் பொறுக்கியெடுக்கப் புது இயந்திரம் தேவையில்லை. ஃபிப்-4 என்ற கணக்கு போதும். வயதை ஏஎஸ்டி என்ற ஈரல் நொதியின் அளவால் பெருக்கி, இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையை (ஆயிரத்தில்) ஏஎல்டி என்ற இன்னொரு நொதியின் வர்க்கமூலத்தால் பெருக்கி வந்த தொகையால் வகுக்க வேண்டும். 55 வயது, ஏஎஸ்டி 60, ஏஎல்டி 45, தட்டணுக்கள் 1.2 லட்சம் என்றால் விடை 4.1. எல்லைக்கோடு 2.67. இவருக்கு வடு முற்றியிருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இதே மனிதரின் ஏஎஸ்டி, ஏஎல்டி எண்களைத் தனியாகப் பார்த்தால் "லேசாகக் கூடியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுவார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடிச் சர்க்கரை மாத்திரை கொடுக்கும் பெண்களிடம் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை இந்த மூன்று பரிசோதனைகளைச் செய்து கணக்குப் போட்டால், மேல்மலையில் யார் யாருக்கு ஈரல் கெட்டிருக்கிறது என்று ஓராண்டில் தெரிந்துவிடும்.

பட்டியல் கையில் வந்தபின் எம்ஆர்ஐக்கு இடம் எது? எல்லோரையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை எம்ஆர்ஐக்கு இறக்குவதை நான் ஆதரிக்கவில்லை. அது நடக்காது, நடக்காத திட்டத்தால், நடக்கக்கூடிய அல்ட்ராசவுண்டும் நின்றுபோகும். அல்ட்ராசவுண்டும் ஏஎஃப்பி இரத்த மாதிரியும் மலைமேலேயே ஆறு மாதத்துக்கு ஒரு முறை நடக்கட்டும். இரத்த மாதிரி கீழே போகலாம். ஆள் போக வேண்டியதில்லை. அல்ட்ராசவுண்டில் ஈரல் தெளிவாகத் தெரியாதவர்கள், ஏஎஃப்பி படிப்படியாக ஏறுகிறவர்கள், அபாயம் மிக அதிகமானவர்கள் ஆகியோரை மட்டும் ஆண்டுக்கு ஒரு முறை ஊசியில்லாச் சுருக்க எம்ஆர்ஐக்கு இறக்கலாம். 10 நிமிடப் படம் என்பதால் ஒரே நாளில் ஒரு வேன் நிறைய ஆட்களை அழைத்துவந்து, மதியத்துக்குள் முடித்து, சாப்பிடவைத்து மாலைக்குள் திருப்பி அனுப்ப முடியும். சந்தேகம் தெரிந்தவரை அன்றே அங்கேயே நிறுத்தி ஊசி போட்டு முழுப் படமும் எடுத்துவிட வேண்டும். இன்னொரு தேதி கொடுத்தால் அவர் வராமல் போக வாய்ப்பு அதிகம். ஆண்டுக்கு ஒரு முறைதான் இறங்க முடியும் என்றால், அந்த ஒரு முறைக்கு 45 சதவீதக் கண்ணைவிட 86 சதவீதக் கண் தகும் என்பது என் வாதம்.

பணத்தைப் பொறுத்தவரை தமிழ்நாட்டுக்குச் சில வசதிகள் உண்டு. அரசு மருத்துவமனைகளில் எம்ஆர்ஐ மையங்களைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தனியாரைவிட மிகக் குறைந்த கட்டணத்தில் நடத்துகிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஈரல் மாற்று அறுவை சிகிச்சையே ஏழைகளுக்கு நடக்கிறது. ஆனால் காப்பீடு நோயாளியைச் சேர்த்துக்கொள்வது பெரும்பாலும் நோய் உறுதியான பிறகு. நோய் இருக்கிறதா என்று தேடும் ஸ்கேனுக்கும், தேடிப்போகும் பஸ்ஸுக்கும் அதில் இடம் இருக்க வேண்டும். பெங்களூரு வாக்ஸல்கிரிட்ஸ் நிறுவனம் உள்நாட்டிலேயே 1.5 டெஸ்லா எம்ஆர்ஐ இயந்திரம் செய்துவிட்ட நிலையில், சிறிய ஊர்களுக்கும் இயந்திரம் வரும் நாள் தொலைவில் இல்லை. படத்தைப் படித்துச் சொல்லும் கதிரியக்க மருத்துவர் மதுரையிலிருந்தே பார்க்கலாம்.

இதில் ஒரு வேலைக்கு ஆணையும் வேண்டாம், பணமும் வேண்டாம். அல்ட்ராசவுண்ட் அறிக்கையில் 'கட்டி இல்லை' என்று எழுதுவதோடு, ஈரல் எவ்வளவு தெரிந்தது என்பதையும் ஏ, பி, சி என்று தரம் போட்டு எழுதும் வழக்கத்தை அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரி கொண்டுவந்திருக்கிறது. ஏ என்றால் நன்றாகத் தெரிந்தது, பி என்றால் கொஞ்சம் மறைந்தது, சி என்றால் பெரும்பகுதி தெரியவில்லை. நம் அறிக்கைகளில் இந்த எழுத்து இருப்பதில்லை. ஈரலின் பாதி திரையிலேயே வராதவரும் 'கட்டி இல்லை' என்ற காகிதத்தோடு நிம்மதியாக மலையேறிவிடுகிறார். சி என்று எழுதப்பட்டவர்கள்தான் கீழே இறங்க வேண்டியவர்கள். கொடைக்கானலில் ஸ்கேன் பார்க்கிற மருத்துவர் அடுத்த நோயாளியிலிருந்தே அந்த ஓர் எழுத்தை எழுதத் தொடங்கலாம்.